நீலச் சிலந்தி கேட்கும் தம்பி தங்கைகளுக்கு

பிரிட்டனுக்குப் படிக்க வந்து, தங்கும் அறையில் ஒரு டாரன்டுலா வளர்க்க ஆசைப்படும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு,

கிழக்கு லண்டனில் என் வீட்டு முன்னறை அலமாரியில் இப்போது பதினொரு சிலந்திகள் இருக்கின்றன. ஏழு நான் வாங்கியவை. மீதி நான்கும் உங்களைப் போல இங்கே படிக்க வந்தவர்கள் ஊர் திரும்பும்போது விட்டுப்போனவை. கடைசியாக வந்தது போன செப்டம்பரில். விமானம் ஏறுவதற்கு முந்தின இரவு ஒரு தம்பி, மடியில் வைத்துக்கொண்டே வந்த டப்பாவை என் கையில் கொடுத்து, "அக்கா, இதை மட்டும் பாத்துக்கங்க, வேற யாரும் வாங்க மாட்டேங்கிறாங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. மூடியைத் திறக்க அவருக்குப் பயம். எட்டு மாதம் அந்தப் பயத்தோடுதான் வளர்த்திருக்கிறார். காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் தெளித்திருக்கிறார். உள்ளே இருந்த கிண்ணம் காய்ந்து வெள்ளை பூத்துக் கிடந்தது.

டப்பாவில் இருந்தது நீலச் சிலந்தி. 'கூட்டி சஃபையர்' என்று விற்பார்கள். விற்றவர் "புதுசா வளர்க்கிறவங்களுக்கும் சரியா வரும்" என்று சொல்லித்தான் கொடுத்தாராம். அந்த ஒரு பொய்யால்தான் இந்தக் கடிதம் எழுதுகிறேன்.

உங்களில் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "அக்கா, முதல் தடவை வளர்க்கப் போறேன், நல்ல கலரா ஒண்ணு சொல்லுங்க." நிறத்துக்கு ஆசைப்படுவதில் தப்பில்லை. நானும் நிறத்தைப் பார்த்து மயங்கித்தான் இதற்குள் வந்தேன். ஆனால் முதல் சிலந்திக்கு முதலில் பார்க்க வேண்டியது அதன் குணம். குணம் ஒத்துவருகிற சிலவற்றுக்குள் நிறத்தைத் தேடுங்கள். அந்த வரிசையை மாற்றிப் போட்டவர்களின் சிலந்திகளும் என் அலமாரியில் இருக்கின்றன.

அந்த நீலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்பதும் பெரும்பாலும் அதைத்தான். அது எங்கேயோ அமேசான் காட்டுச் சிலந்தி என்று நினைத்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது நம் பக்கத்து மாநிலத்துச் சிலந்தி. 1899ல் போகாக் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர், ஆந்திரத்தின் குத்தி என்ற ரயில் ஊரில் கிடைத்த ஒரு சிலந்தியை வைத்து அதை விவரித்தார். ஆங்கிலத்தில் எழுதி எழுதி அந்த ஊர்ப் பெயர் கூட்டி ஆகிவிட்டது. அதன்பின் நூறு ஆண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. 2001ல்தான் குத்தியிலிருந்து நூறு கிலோமீட்டர் அளவு தள்ளி, நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவே உள்ள கிழக்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் மறுபடி தென்பட்டது. மரம் ஏற்றிய ரயிலில் அந்த முதல் சிலந்தி குத்திக்குப் போயிருக்கும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். விறகுக்கும் மரத்துக்கும் வெட்டப்பட்டுக் குறைந்து வரும் அந்தச் சின்னக் காடுதான் அதன் வீடு. 2008ல் அதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக இயற்கைப் பாதுகாப்புக்கான உலக அமைப்பான ஐ.யு.சி.என் பட்டியலிட்டது.

அப்படியானால் லண்டனில் எப்படி விற்கிறது? இங்கேயே பெட்டிகளில் இனப்பெருக்கம் செய்த வாரிசுகள் அவை. அவற்றின் முதல் தாய் தகப்பனை அந்தக் காட்டிலிருந்து யார், எந்த அனுமதியில் எடுத்து வந்தார்கள் என்பதற்கு இத்தனை வருடத்தில் ஒரு விற்பனையாளரும் எனக்குக் காகிதம் காட்டியதில்லை.

நான் சேலத்துக்காரி. அதனால் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த நீலச் சிலந்தியின் பேரினம் பொயிசிலோதீரியா. மர இடுக்கிலும் பொந்திலும் வாழும் பெருஞ்சிலந்திகள். யாழ்ப்பாணத்தில் புலிமுகச் சிலந்தி என்பார்கள். இந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் இந்தப் பேரினம் இயற்கையாக இல்லை. அதே 1899ல் போகாக் சேலம் பக்கத்திலிருந்து ஒன்றையும் அரக்கோணத்திலிருந்து ஒன்றையும் விவரித்தார். ராமேஸ்வரத்துக்கே உரியது என்று நினைத்திருந்த ஒன்று 2004ல் பெயர் பெற்றது, பிறகு மன்னாரிலும் கண்டார்கள். சேலத்தில் பிறந்து வளர்ந்த நான், எங்கள் ஊர்ச் சிலந்தியை முதன்முதலில் பார்த்தது லண்டனில் ஒரு வளர்ப்பாளர் வீட்டுப் பெட்டியில். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வெகுநேரம் தூங்கவில்லை. 2019ல் இந்தப் பேரினம் முழுவதும், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் வந்தது. நாடு விட்டு நாடு கொண்டுபோக அரசு அனுமதி வேண்டும்.

இனி அதன் குணம். அந்தத் தம்பி போன மறுநாள் அதைப் பெரிய பெட்டிக்கு மாற்ற உட்கார்ந்தேன். சன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துண்டு வைத்து, குளியல் தொட்டிக்குள் பெட்டியை இறக்கி வைத்துத்தான் மூடியைத் திறந்தேன். மரப்பட்டைக்குப் பின்னால் இரண்டு நீலக் கால் நுனிகள் மட்டும் தெரிந்தன. தூரிகையின் முனையால் பின்னங்காலை மெல்லத் தொட்டேன். அடுத்த கணம் பட்டைக்குப் பின்னால் ஒன்றுமில்லை. அது பெட்டியின் சுவர் ஏறி, விளிம்பு தாண்டி, நான் கையில் வைத்திருந்த பிளாஸ்டிக் கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. ஓடியதை நான் பார்க்கவில்லை. ஓடி முடித்ததைத்தான் பார்த்தேன். என் கட்டைவிரலுக்கும் அதற்கும் நாலு விரற்கடைதான் இடைவெளி. பன்னிரண்டு வருடப் பழக்கம் இருந்ததால் கையை உதறவில்லை. முதல் தடவை வளர்ப்பவர் உதறியிருப்பார். உதறினால் ஒன்று சிலந்தி விழுந்து வயிறு கிழியும், அல்லது கடிக்கும்.

இந்தப் பேரினத்தின் கடி வெறும் குளவிக் கொட்டு அல்ல. கடும் வலியோடு தசைப்பிடிப்பு வரும், நாள் கணக்கில் நீடிக்கும், விட்டுவிட்டுத் திரும்பவும் வரும். மருத்துவமனையில் சேர்த்துப் பார்க்க வேண்டி வந்தவர்கள் உண்டு. ஆறு பேர் பகிர்ந்துகொள்ளும் வீட்டில், கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே இரண்டடி இடம் உள்ள அறையில், இதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

வளர்ப்பாளர்கள் டாரன்டுலாக்களைப் பழைய உலகம், புதிய உலகம் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். ஆசியா, ஆப்பிரிக்கா பக்கத்துச் சிலந்திகள் பழைய உலகம். அமெரிக்கக் கண்டங்களில் உள்ளவை புதிய உலகம். பழைய உலகத்தவற்றுக்கு வேகமும் நஞ்சும்தான் காவல். புதிய உலகத்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நஞ்சு மென்மையானது, காவலுக்கு வயிற்றில் சுணை உண்டு. வைக்கோல் போரில் புரண்டால் உடம்பில் ஏறுமே, அந்தச் சுணைதான், இன்னும் கூர்மையானது. பின்னங்காலால் வயிற்றைத் தேய்த்துக் காற்றில் பறக்க விடும். தோலில் பட்டால் ஒன்றிரண்டு நாள் அரிப்பு. கண்ணில் பட்டால் விஷயம் வேறு. பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவரின் கண்ணில் சுணை ஏறி, வாரக்கணக்கில் சிவந்து நீர் வழிந்ததை லீட்ஸ் நகர மருத்துவர்கள் லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். ஆகவே பெட்டிக்குள் முகத்தைக் கொண்டுபோகாதீர்கள், வேலை முடிந்ததும் கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள். இந்த இரண்டையும் கடைப்பிடித்தால் புதிய உலகச் சிலந்தியோடு பயமில்லாமல் வாழலாம். முதல் சிலந்தி அங்கிருந்துதான் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நிறம் அங்கேயும் இருக்கிறது, ஏராளமாக.

நீலம்தான் வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தால் வெனிசுவேலாவின் பராகுவானா தீபகற்பத்துச் சிலந்தி ஒன்று உண்டு. 'கிரீன் பாட்டில் ப்ளூ' என்று கேட்டால் கொடுப்பார்கள். கால்கள் மயில் கழுத்து நீலம், முதுகு ஓடு பச்சை சாய்ந்த நீலம், வயிறு பழுத்த ஆரஞ்சு. வறண்ட நிலத்தில் வாழ்வது என்பதால் ஈரத்தைப் பற்றிய கவலை குறைவு. தண்ணீர்க் கிண்ணம் ஒன்று இருந்தால் போதும். நன்றாகச் சாப்பிடும். பெட்டி முழுக்க வெள்ளைத் துணி விரித்தாற்போல வலை பின்னும். படபடப்பு கொஞ்சம் உண்டு, ஆனால் ஓடுவது தன் வலைக்குள்தான். இதன் குஞ்சே வரிப்புலி போலக் கோடு போட்ட ஆரஞ்சு வயிற்றோடு அழகாக இருக்கும்.

மார்த்தினிக் தீவின் வெர்சிகலர் இன்னொன்று. குஞ்சாக இருக்கும்போது முழு நீலம், வளர வளரப் பச்சையும் சிவப்பும் ஊதாவும் ஏறும். நிறம் மாறுவதைப் பார்ப்பதற்கென்றே இதை வாங்குபவர்கள் பலர். ஆனால் இதன் குஞ்சுகள் எளிதில் செத்துவிடும். மரத்தில் வாழ்வது, ஈரம் வேண்டும் என்று கேள்விப்பட்டு, காற்றோட்டம் இல்லாத டப்பாவில் தினமும் தண்ணீர் தெளித்துப் புழுங்க வைத்துவிடுவார்கள். எனக்கே முதல் வருடம் இரண்டு குஞ்சுகள் அப்படிப் போயின. வாங்கினால் ஓரளவு வளர்ந்ததாக, இரண்டு பக்கமும் காற்றுத் துளை உள்ள உயரமான பெட்டியில் வையுங்கள்.

என்னிடம் கேட்டால் நான் கை காட்டுவது மெக்சிகோவின் செம்முட்டிச் சிலந்தியை. கறுப்புக் கால்களில் முட்டிக்கு முட்டி நெருப்பு நிறம். பசிபிக் கடலோரத்து மலைச்சரிவுகளில் வளை தோண்டி வாழ்வது. பிராகிபெல்மா ஹமோரி என்பது சரியான பெயர். பல காலம் ஸ்மித்தி என்ற பெயரில் விற்றார்கள், 2017ல்தான் ஆய்வாளர்கள் இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு காலத்தில் காட்டிலிருந்து அள்ளி அள்ளி விற்றதால் 1985லேயே சைட்டிஸ் காவலுக்குள் வந்துவிட்டது. இன்று இங்கே கிடைப்பவை பெரும்பாலும் பெட்டியில் பிறந்தவை. அப்படித்தானா என்று விற்பவரிடம் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிதானமான சிலந்தி. கோபம் வந்தால் முதலில் திரும்பிக்கொள்ளும், பிறகு சுணை உதிர்க்கும், கடிப்பது அரிது. உங்கள் கை நடுங்கினாலும் பொறுத்துக்கொள்ளும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படத்தில் பார்க்கும் நெருப்பு நிறம் நீங்கள் வாங்கும் குஞ்சில் இருக்காது. பத்துப் பதினைந்து பவுண்டுக்குக் கிடைப்பது மாத்திரைக் குப்பி போன்ற ஒன்றில், சுண்டுவிரல் நகத்தளவு பழுப்பு நிறத்தில் இருக்கும். நிறம் ஒவ்வொரு சட்டையாக உரிந்து ஏற வேண்டும். செம்முட்டி மெதுவாக வளர்வது. முழு அழகுக்கு வருடங்கள் ஆகும். காத்திருக்க மனமில்லை என்றால் நாலைந்து சென்டிமீட்டர் வளர்ந்ததைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குங்கள். புதியவர்களுக்கு அதுதான் நல்லதும்கூட. வளர்ந்தது ஒன்றிரண்டு தவறைத் தாங்கும்.

சட்டை உரிப்பைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு நடு இரவில் வரும் தொலைபேசி அழைப்புகள் எல்லாம் அதைப் பற்றியவை. "அக்கா, செத்துப் போச்சு, மல்லாந்து கெடக்கு." செத்த சிலந்தி மல்லாக்கக் கிடப்பதில்லை, கால்களை வயிற்றுக்கு அடியில் சுருட்டிக்கொண்டு நிமிர்ந்த வாக்கில்தான் கிடக்கும். மல்லாந்து கிடந்தால் அது சட்டை உரிக்கிறது. என் மூத்த செம்முட்டி ஒரு டிசம்பர் இரவில் உரித்ததை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். மூன்று வாரமாகச் சாப்பிடவில்லை; வயிற்றில் சுணை உதிர்ந்து வழுக்கையான இடம் கறுத்து மின்னியது; நிறமெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. தரையில் வலையால் ஒரு பாய் விரித்து, அதன்மேல் புரண்டு படுத்தது. ஒரு மணி நேரம் அசைவில்லை. பிறகு முதுகு ஓடு மூடி போலக் கழன்றது. கையுறையிலிருந்து விரல்களை உருவுவது போல, கால்களை எட்டையும் ஒரே சீராக, விட்டுவிட்டு உருவியது. வெளியே வந்த பற்கள் பால் வெள்ளையாக இருந்தன. அந்த நிலையில் அதனால் ஒரு ஈயைக்கூடக் கடிக்க முடியாது. பெட்டியில் ஒரு கிரிக்கெட் பூச்சி மிச்சம் கிடந்திருந்தால் அது சிலந்தியைக் கடித்துக் கொன்றிருக்கும். விடியும்போது இரண்டு சிலந்திகள் இருந்தன: ஒன்று வெறும் கூடு, மற்றொன்று அன்று பிறந்த நிறத்தில்.

ஆகவே சாப்பிட மறுத்தால் வற்புறுத்தாதீர்கள், மிச்சத்தை எடுத்துவிடுங்கள், மல்லாந்திருந்தால் தொடாதீர்கள். உரித்தபின் பல் கறுத்து இறுகும்வரை, வளர்ந்ததற்கு இரண்டு வாரம், உணவு வேண்டாம்.

மற்றவை எளிது. வளர்ந்த சிலந்திக்கு வாரம் ஒன்று, பத்து நாளுக்கு ஒன்று என்று பூச்சி போதும். வீட்டுக்குள் உங்களுக்குக் குளிராத சூடு அதற்கும் போதும். சூட்டு விளக்கு வேண்டாம். தரைச் சிலந்திக்குப் பெட்டி உயரமாக இருக்கக் கூடாது, ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு வெடித்துச் சாகலாம். அடியில் போட மண்ணுக்குப் பதில் தென்னை நார்த்தூள் கட்டி விற்கும். தண்ணீரில் ஊறவைத்து உதிர்த்துப் பிழிந்து போடுங்கள். நான் வாங்கும் கட்டி இலங்கையிலிருந்து வருகிறது. ஊறும்போது வரும் வாசனை உங்களையும் ஒரு நிமிடம் ஊருக்குக் கொண்டுபோகும்.

கையில் எடுத்து விளையாடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். சிலந்திக்கு உங்களைத் தெரியாது, உங்கள் கைச்சூடு அதற்கு வேண்டியதில்லை. படம் எடுக்கும் ஒரு நிமிடத்துக்காகக் கீழே விழுந்து செத்தவற்றை நான் அறிவேன்.

இப்போது, உங்களிடம் யாரும் கேட்காத கேள்வி. செம்முட்டிப் பெண் சிலந்தி இருபது, இருபத்தைந்து வருடம் வாழும். உங்கள் படிப்பு ஓராண்டு. அதன்பின் வேலை தேடித் தங்க இன்னும் கொஞ்ச காலம். நீங்கள் ஊர் திரும்பும் நாளில் அது இன்னும் குழந்தைதான். உடன் கொண்டுபோக முடியுமா? சைட்டிஸ் பட்டியலில் உள்ளதற்கு இங்கே ஏற்றுமதி அனுமதியும் இந்தியாவில் அதற்கான அனுமதியும் வேண்டும். 2022ல் திருத்தப்பட்ட நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சைட்டிஸ் பட்டியல் உயிரினங்களையும் தனக்குள் கொண்டுவந்துவிட்டது. பெட்டியில் மறைத்துக் கொண்டுபோகும் யோசனை வந்தால், 2021 ஜூலையில் சென்னையில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த அஞ்சல் பொதியைச் சுங்கத்துறையினர் பிரித்தார்கள். வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 குப்பிகள், ஒவ்வொன்றிலும் உயிருள்ள ஒரு சிலந்தி. சைட்டிஸ் பட்டியலில் உள்ள பிராகிபெல்மாவும் அவற்றில் இருக்கும் என்று விலங்கியல் அதிகாரிகள் கருதினார்கள். வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்ப உத்தரவானது. ஒரு பயணத்தையே பஞ்சுக்குள் தாங்கிய அந்தக் குஞ்சுகள் மறுபயணத்தையும் தாங்கியிருக்குமா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இங்கே தோட்டத்தில் விட்டுவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். வெளிநாட்டு உயிரினத்தை அவிழ்த்து விடுவது 1981ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதோடு முதல் பனியிலேயே அது செத்துவிடும். டாரன்டுலா வளர்க்க இந்த நாட்டில் உரிமம் தேவையில்லை. 2006ம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் முதுகெலும்பு உள்ளவற்றுக்கு மட்டும்தான். நீங்கள் பட்டினி போட்டாலும் கைவிட்டாலும் கேட்க எந்த அதிகாரியும் வரமாட்டார். அதற்கு இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

அதனால் ஒரு வேண்டுகோள். வாங்கும் முன் ஒரு தாளில், நீங்கள் போனபின் அந்தச் சிலந்தியை வைத்துக்கொள்ளப் போகிறவர் பெயரை எழுதுங்கள். அவரிடம் கேட்டு, சம்மதம் வாங்கி எழுதுங்கள். வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். எழுதப் பெயர் கிடைக்கவில்லை என்றால் இப்போதைக்கு வாங்காதீர்கள். ஆசையைக் கைவிட வேண்டியதில்லை, ஒத்திவைத்தால் போதும்.

அதுவரை என் வீட்டுக்கு வாருங்கள். சனி, ஞாயிறு மாலையில் இருப்பேன். கிரீன் பாட்டில் ப்ளூவின் வலையை, செம்முட்டி உரித்துப் போட்ட சட்டையை, அந்தத் தம்பி விட்டுப்போன நீலத்தை எல்லாம் காட்டுகிறேன். தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பவும் பூச்சி போடவும் என் பக்கத்தில் நின்று பழகிக்கொள்ளலாம். புறப்படும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். என் மூத்த செம்முட்டி மறுபடி சாப்பிட மறுக்கத் தொடங்கியிருக்கிறாள், அவள் சட்டை உரிக்கும் வாரத்தில் அந்த அறைக்குள் யாரையும் விடுவதில்லை.

அன்புடன்,
கிழக்கு லண்டனிலிருந்து உங்கள் அக்கா